‘பூதம்’ ஆய்வில் உள்ளது

கண்ணாடிக்காரர் கிணறு எதுவும் வெட்டவில்லை. இருந்தும் பூதம் கிளம்பியது. அதுவும் பதிவுத் தபாலில், அரசு முத்திரையோடு, இரண்டு நகல்களாக.

அவருக்குத் தொழில் வில்லை தேய்ப்பது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. தட்டையான கண்ணாடி வட்டை எடுத்து, ஈரத் தூள் போட்டுச் சுழற்றிச் சுழற்றி, விளிம்பு மெலிந்து நடு புடைக்கும்வரை தேய்ப்பார். பிறகு மெத்துத் துணியில் மெருகு. பிறகு வளையம், வளையத்துக்கு ஒரு கைப்பிடி. முடிந்ததும் மாத்திரை அட்டையின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தின்மேல் பிடித்துப் பார்ப்பார். காலாவதித் தேதி பளிச்சென்று தெரிந்தால் பெட்டிக்குப் போகும். மங்கினால் மறுபடி தூளுக்குப் போகும். பெட்டியின் மேல் ‘பூதக்கண்ணாடி’ என்று அச்சிட்டிருந்தது. அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். வேறு எப்படிச் சொல்வது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தபாலை அவர் மனைவிதான் வாசித்தாள். அனுப்பியிருந்தது சொற்காப்பு வாரியம்.

“தங்கள் தயாரிப்பின் மேலுறையில் ‘பூதம்’ என்னும் சொல் காணப்படுகிறது. வாரியத்தின் பேரகராதிப் பணி தற்சமயம் ‘பூ’ வரிசையை எட்டியுள்ளது. எனவே அவ்வரிசைச் சொற்கள் யாவும் ஆய்வில் உள்ளன. ஆய்வில் உள்ள சொல்லைப் பொதுமக்கள் கையாளுதல் ஆய்வுக்கு ஊறு விளைவிக்கும். சொல்லின் பொருளும் பிறப்பும் உறுதி செய்யப்படும்வரை அச்சொல் தாங்கிய சரக்கு வாரியத்தின் காப்பில் வைக்கப்படும்.”

“காப்புல வைக்கறதுன்னா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“தூக்கிட்டுப் போகப் போறாங்கன்னு அர்த்தம்” என்றாள் மனைவி. வாரியத்தின் நடையைப் புரிந்துகொள்ள அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

தூக்கத்தான் வந்தார்கள். மத்தியானமே ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய சொல் ஆய்வாளர், மேசை மேல் அடுக்கியிருந்த பன்னிரண்டு பெட்டிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பெட்டிக்கு இருபது, மொத்தம் இருநூற்று நாற்பது கண்ணாடிகள். பார்வை குன்றிய பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்காகச் செய்தவை. இன்னும் பத்தொன்பது நாளில் அவர்களுக்கு ஆண்டுத் தேர்வு.

“ஐயா, இது பிள்ளைங்களுக்கு. பெட்டியை வேணும்னா எடுத்துக்குங்க. உள்ளே இருக்கற கண்ணாடியைக் குடுத்திருங்க.”

“கண்ணாடி மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க” என்றார் ஆய்வாளர், மிகவும் அன்பாக. “கண்ணாடி ‘க’ வரிசை. அது எப்பவோ முடிஞ்சு போச்சு. ஆனா கூட்டுச்சொல்லைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிரிச்சா நடுவுல ஒரு ‘க்’ அனாதையா நிக்கும். அதுக்கு யார் பொறுப்பு ஏத்துக்கறது?”

“அப்ப நான் வேற பேரு ஒட்டிக்கிறேன்.”

“அது பெயர் மாற்றம். மாத்தணும்னா பழைய பேருக்கு என்ன அர்த்தம்னு முதல்ல தெரியணும். அதைத்தானே ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கோம்?”

“எத்தனை நாள் ஆகும்?”

“‘பு’ வரிசைக்கு நாலு வருஷம் ஆச்சு. புத்தகக் கடைக்காரங்க பாவம், ‘தாள்கட்டு விற்பனை நிலையம்’னு பலகை மாட்டிக்கிட்டுக் காலத்தை ஓட்டினாங்க. உங்க பாடு பரவாயில்லை. மியாவ்னு கத்துமே, அதை வளர்க்கறவங்களை நினைச்சுப் பாருங்க.”

பெட்டிகள் ஏறியதும் வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு, ஆய்வாளர் ஓட்டுநரிடம், “அதை மாட்டு” என்றார்.

“எதை சார்?”

“அதான்யா, சாவி போடுவோமே, அதை.”

ஓட்டுநர் பூட்டை மாட்டினான். வேன் போயிற்று.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் வாரியத்துக்குப் போனார். சட்டைப் பையில் வழக்கம்போல் தன் சொந்தக் கண்ணாடி. அது இல்லாமல் அவரால் வெளியே போக முடியாது, பேருந்து எண் தெரியாது. ஏழு மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நீள நடை, நடையின் இருபுறமும் நூல்கட்டிய கோப்புகள், கோப்புகளின் மேல் தூசி, தூசியின் மேல் ‘தொடாதே’ என்று சீட்டு. பிறப்புப் பிரிவில் கேட்டால் பொருள் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். பொருள் பிரிவில் இருந்த அதிகாரி அவரை உட்காரவைத்து, ஒரு தாளை எடுத்துப் போட்டார்.

“பூதம்னா ஐந்து. நிலம், நீர், தீ, காற்று, வானம். இந்த ஐந்துக்கும் உங்க சரக்கால பாதிப்பு இல்லைன்னு அந்தந்த அலுவலகத்துல சான்று வாங்கிட்டு வாங்க.”

“ஐயா, நான் விக்கறது எழுத்தைப் பெருசா காட்டற கண்ணாடி.”

“அது உங்க கருத்து. சொல்லுக்குன்னு ஒரு கருத்து இருக்கில்ல?”

எலியைப் பிடிக்கப் போய்ப் பொறியில் விரலைக் கொடுத்த கதையாக, அவர் ஐந்து அலுவலகங்களுக்கும் அலைந்தார். நில அளவை அலுவலகத்தில் கண்ணாடியை அளந்து, அதற்குப் பரப்பளவு போதாது என்று எழுதிக் கொடுத்தார்கள். குடிநீர் அலுவலகத்தில் அதை ஒரு வாளியில் முக்கி வைத்து, கரையவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தீயணைப்பு நிலைய அதிகாரி நேர்மையானவர், “இதால தீப்பிடிக்குமா?” என்று கேட்டார். கண்ணாடிக்காரரும் நேர்மையானவர், “வெயில்ல காகிதத்துக்கு மேல பிடிச்சாப் பிடிக்குங்க” என்றார். நேர்மையானவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டதில் மூன்று நாள் வீணாயிற்று. காற்றுக்கு வானிலை நிலையம். வானத்துக்கு விமான நிலையம்; அங்கே ஒரே கேள்விதான் கேட்டார்கள், “இது பறக்குமா?” இல்லை என்றதும், பறக்காத ஒன்றுக்குச் சான்று தரத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சான்று தந்தார்கள்.

ஒன்பது நாள் போயிற்று. ஐந்து தாள்களையும் வாங்கிப் பார்த்த பொருள் பிரிவு அதிகாரி பெரிதும் மகிழ்ந்தார்.

“அருமை. இதோட ஒரு பொருள் தீர்ந்தது. இனி அடுத்த பொருள். பூதம்னா பேருடல் கொண்ட உயிர். மலை மாதிரி உடம்பு, பனை மாதிரி கை. அதுக்கு ஒரு மாதிரி வேணும்.”

“மாதிரின்னா?”

“ஒரு பூதம்.”

அங்கேதான் கண்ணாடிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அலுப்பில் வாய் தவறிவிட்டது. “எங்க வீட்டுல என் மச்சினனைத் தெருவே பூதம்னுதான் கூப்பிடும்” என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மனைவியின் தம்பி வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் வேலை செய்பவன். இரும்பு அலமாரியை ஒற்றையாளாக முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறுவான். ஏறும்போதே கீழ்வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பான். அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு வரும்படி உத்தரவாயிற்று.

“என்னை எதுக்கு மாமா கூப்பிடறாங்க?” என்றான் அவன்.

“உன்னை அகராதியில போடப் போறாங்களாம்.”

“படம் எல்லாம் வருமா?”

“நீ ஒரு மாசம் முன்னாடியே இளைச்சிருந்தா எனக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது” என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளித் தலைமையாசிரியை தினம் ஒருமுறை தொலைபேசினார். முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாள் கெஞ்சினார். நான்காம் நாளிலிருந்து, “இன்னிக்கும் இல்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விசாரணை அன்று தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. நீண்ட அறை, நீண்ட மேசை. தலைமாட்டில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் வேர்ப்புலவர், இடப்பக்கம் பொருட்புலவர். இருவரும் பதினோரு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, தலைவர் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். மேசையின் கோடியில் நடவடிக்கைகளை எழுதும் ஓர் அம்மாள், ஒரு தடித்த குறிப்பேடு, இரண்டு பேனா.

தலைவர் எழுந்தார்.

“நாற்பத்திரண்டு ஆண்டுகளாக இந்த வாரியம் மொழியை மக்களிடமிருந்து காப்பாற்றி வருகிறது. மக்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு சொல்லை எடுக்கிறார்கள், பேசுகிறார்கள், தேய்க்கிறார்கள், அடுத்தவனுக்குக் கொடுக்கிறார்கள். இப்படி ஆளாளுக்குப் பேசிக்கொண்டே போனால் ஒரு மொழி எத்தனை நாள் தாங்கும்? பேசப்படாத சொல்லே பழுதுபடாத சொல். எங்கள் இலட்சியம் அதுதான்.”

கைதட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார், தட்டாவிட்டால் அதற்கும் ஒரு சான்று கேட்பார்களோ என்ற பயம்.

வேர்ப்புலவர் தொடங்கினார். “புதையலைக் காப்பது எது? பூதம். ஆகவே புதை என்பதிலிருந்து பிறந்தது பூதம். மண்ணைத் தோண்டினால் வருவது. இதற்குச் சான்று, கிணறு வெட்டும்போது அது கிளம்புவதே. ஐந்நூறு பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.”

பொருட்புலவர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். “பூத்தது எதுவோ அது பூதம் என்று அவரிடம் சொல்லுங்கள். மலரும் பூக்கிறது, பூதமும் பூக்கிறது. மலர் சிறியது, பூதம் பெரியது, வேறுபாடு அவ்வளவுதான். நான் அறுநூறு பக்கம் எழுதியிருக்கிறேன்.”

கோடியில் இருந்த அம்மாள் பேனாவை நிறுத்தினார். “ஐயா, அது வேற மொழியிலேர்ந்து வந்த சொல்லுங்க. அங்கே ‘ஆனது, இருப்பது’ன்னு அர்த்தம். இருக்கறதெல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதனாலதான் மண்ணுக்கும் தண்ணிக்கும் அந்தப் பேரு, உயிருக்கும் அந்தப் பேரு, போன காலத்துக்கும் அந்தப் பேரு. கதை சொல்றவங்க கைக்கு வந்தப்புறம் உடம்பு பெருத்துப் போச்சு. பழைய கோப்புல ஒரே வரியில இருக்கு.”

பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் புலவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரே வரியிலா?” என்றார் வேர்ப்புலவர்.

“ஒரு வரியில் முடிந்துவிட்டால் பிறகு நாம் எதற்கு?” என்றார் பொருட்புலவர்.

“குறிப்பு எழுதுபவர் குறிப்பை மட்டும் எழுதினால் போதும்” என்றார் தலைவர்.

அடுத்து மச்சினனை நடுவில் நிறுத்தினார்கள். ஒருவர் நாற்காலிமேல் ஏறி நாடா பிடித்தார். ஆறடி நாலரை அங்குலம்.

“உன் பிறப்பைச் சொல்” என்றார் வேர்ப்புலவர்.

“மாமா கிட்ட கேளுங்க. பிறக்கும்போதே நாலரைக் கிலோன்னு அக்கா சொல்லும்.”

“உனக்குப் பொருள் உண்டா?” என்றார் பொருட்புலவர்.

“ஒரு தள்ளுவண்டி இருக்குங்க. அதுவும் ஒரு சக்கரம் கோணல்.”

இருவரும் தலைவர் வழியாக அரைமணி நேரம் விவாதித்து, அவன் நெட்டைக்கு மேல், பூதத்துக்குக் கீழ் என்று முடிவு செய்தார்கள். மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. ஊரே கொடுத்த பட்டத்தை ஒரு நாடாவால் பிடுங்கிவிட்டார்களே என்று அவனுக்கு.

“அப்படியானால் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்” என்றார் தலைவர். “‘அ’ தொகுதியைக் கொண்டுவாருங்கள். பேருடல் உயிருக்கு அங்கே அரக்கன் என்ற சொல் உண்டு. அதன் விளக்கம் நமக்கு வழிகாட்டும்.”

தொகுதியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். காகிதச் செலவை மிச்சம்பிடிக்க எழுத்துகளைக் கடுகினும் சிறிதாக அச்சிட்டிருந்தார்கள். தலைவர் புத்தகத்தைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், சன்னல் பக்கம் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “அரக்கன்… காண்க…” அதற்குமேல் எறும்பு ஊர்ந்தது. புலவர்கள் இருவரும் முயன்றார்கள். எறும்பு நகரவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருநூற்று நாற்பது கண்ணாடிகள் முத்திரை வைத்துக் கிடந்தன.

தலைவரின் பார்வை கண்ணாடிக்காரரின் சட்டைப் பையில் வந்து நின்றது.

“அதைக் கொஞ்சம் கொடுங்கள்.”

“எதைங்கய்யா?” கண்ணாடிக்காரர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

“அதுதான். வட்டமாக இருக்கிறதே.”

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். தலைமையாசிரியையின் “இன்னிக்கும் இல்லையா” காதில் கேட்டது. பதினாறு நாளாகக் குனிந்தே இருந்த முதுகு அவருக்குத் தானாக நிமிர்ந்தது.

“வட்டமா சட்டைப் பொத்தான் இருக்குங்க. குடுக்கட்டுமா?”

“உருவைப் பெரிதாக்கிக் காட்டும் ஆடி!”

“அப்படி ஒரு சரக்கு நான் செய்யறதில்லீங்கய்யா. செய்யறேன்னு சொன்னாப் பெயர் மாற்றம் ஆயிடும். ஆய்வாளர் ஐயா வருத்தப்படுவாரு.”

கதவருகே நின்றிருந்த சொல் ஆய்வாளர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“கைப்பிடி போட்ட கண்ணாடி!”

“பாதிதான் சொல்றீங்க. பிரிச்சா ‘க்’ அனாதையாயிடுமே ஐயா.”

தலைவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. நாற்பத்திரண்டு ஆண்டு இலட்சியம் ஒரு நொடியில் வாயை விட்டு வெளியேறியது. “யோவ்! அந்தப் பூதக்கண்ணாடியை எடுய்யா!”

அறையில் பேனா ஓடும் ஓசை மட்டும் கேட்டது. “…பூதக்கண்ணாடியை எடுய்யா” என்று எழுதி முடித்த அம்மாள் தலைநிமிர்ந்தார். “‘யோவ்’க்கு அப்புறம் ஆச்சரியக்குறி போடட்டுமா ஐயா?”

அம்மாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “விதி பதினேழு. தலைவர் அவையில் கையாண்ட சொல் வழக்கில் உள்ள சொல்லாகக் கொள்ளப்படும். அச்சொல் தாங்கிய சரக்கை விடுவிக்க வேண்டும்.” பிறகு தாழ்ந்த குரலில், “நீங்களே போட்ட விதிங்க” என்றார்.

கண்ணாடிக்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எறும்பு எழுத்தாயிற்று. தலைவர் உரக்க வாசித்தார்: “அரக்கன்: காண்க, பூதம்.”

சிறிது நேரம் ஆழ்ந்து யோசித்தார்கள். பிறகு, வாரிய வரலாற்றில் இல்லாத ஒற்றுமையோடு, “பூதம்: காண்க, அரக்கன்” என்று முடிவெடுத்துக் கைகுலுக்கிக்கொண்டு தேநீருக்குப் போனார்கள்.

ஆனால் சரக்கு வரவில்லை. கீழ்த்தளக் கதவில் பூட்டு தொங்கியது. அதைத் திறக்க எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘பூட்டு’ என்று எழுத வேண்டும். அந்தச் சொல் ஆய்வில் இருந்தது. வழக்கில் வந்தது பூதம் மட்டும்தான். மூன்று நாள் கண்ணாடிக்காரரும் மச்சினனும் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் காலை அந்த வழியாக வந்த குறிப்பெழுதும் அம்மாள் நின்றார். பூட்டைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார்.

“கதவு ‘க’ வரிசை தம்பி. அதைத் தொடறதுக்குத் தடை ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மச்சினன் எழுந்தான். கதவின் அடியில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினான். கீல்களிலிருந்து கழன்று, பூட்டோடும் நாதாங்கியோடும் கதவு அவன் முதுகுக்கு வந்தது. சுவரில் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

“இப்ப நாடா பிடிக்கச் சொல்லுங்க மாமா அவங்களை” என்றான்.

பன்னிரண்டு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போனார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. தலைமையாசிரியை நன்றி எல்லாம் சொல்லவில்லை. பெட்டியைக் கிழித்துக் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வகுப்புகளுக்குள் ஓடினார். எல்லாம் கொடுத்து முடித்துக் கதவுகள் சாத்தியபிறகுதான் நடையில் வந்து நின்றார்.

“சமயத்துக்கு வந்துட்டோம் இல்லைங்களா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“இன்னிக்குக் கணக்குங்க. மொழித்தாள் நேத்தே முடிஞ்சிருச்சு.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. “மூக்கு காகிதத்துல படற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு எழுதினாங்க. ஒருத்தி மூணு மணி நேரத்துல மூணாவது கேள்வி வரைக்கும்தான் வாசிச்சிருக்கா. விடை இல்லைங்க, கேள்வி.”

கண்ணாடிக்காரர் நடையில் உட்கார்ந்துவிட்டார். மச்சினனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாத் தாளும் இருக்க, மொழியின் காவலர்கள் மொழித்தாளைப் பார்த்தல்லவா பறித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

இரண்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து இன்னொரு பதிவுத் தபால் வந்தது. மேற்படி பள்ளியில் மொழித்தாளில் மட்டும் தேர்ச்சி வீழ்ந்திருப்பது வாரியத்தை மிகவும் கவலைகொள்ளச் செய்துள்ளது. இதற்குப் பிள்ளைகளிடம் மொழிப்பற்றுக் குறைந்ததுதான் காரணமா என்று கண்டறியத் தலைவர் தலைமையில் குழு அமைக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் சார்பில் தாங்கள் வந்து கருத்துரைக்க வேண்டும். தேதியும் நேரமும் போட்டிருந்தது.

“அன்னிக்குத்தானே அந்தப் பிள்ளைங்களுக்கு மறுதேர்வு?” என்றாள் மனைவி.

“அன்னிக்குத்தான்.”

“ரெண்டுல எங்கே போகப் போறீங்க?”

அவர் தபாலை மடித்து அலமாரி மேல் போட்டார். மறுதேர்வு அன்று பள்ளி நடையில், கைப்பிடி கழன்றால் முறுக்கித் தரத் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரத்தில் இரண்டு கைப்பிடிதான் கழன்றன. மணி அடிக்கக் கால்மணி இருக்கும்போதே, முன்பு மூன்றாம் கேள்வியோடு நின்றுபோன பெண் வெளியே வந்தாள்.

“எப்படிம்மா இருந்தது?”

“கடைசிக் கேள்வி வரைக்கும் வாசிச்சிட்டேன் மாமா. நாலு கேள்விக்கு விடை தெரியலை.” அவள் பல் தெரியச் சிரித்தாள். “தெரியலைங்கறதே இந்தத் தடவை நல்லாத் தெரிஞ்சுது.”

அதே நேரம் வாரியத்தின் நீண்ட மேசையில் குழு கூடி, அழைத்தும் வராத கண்ணாடிக்காரரின் காலி நாற்காலியைப் பார்த்து, பொதுமக்களுக்கு மொழியில் அக்கறை இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.